நஜ்ஜாஷி மன்னருக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் என்ன நடந்தது?

ஆப்பிரிக்காவைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு பெயர்கள் உடனே வரும். ஒன்று, முதல் முஅத்தின் பிலால் (ரலி). மற்றொன்று, ஹபஷா நாட்டு மன்னர் நஜ்ஜாஷி. மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போனபோது, கி.பி. 615 வாக்கில், நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களில் ஒரு குழுவினரை ஹபஷாவுக்கு அனுப்பினார்கள். அந்த மன்னரின் ஆட்சியில் யாருக்கும் அநீதி நடக்காது என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஜஃபர் (ரலி) அவையில் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டியதும், கிறிஸ்தவரான மன்னர் கண் கலங்கியதும், குறைஷிகள் கொண்டு வந்த அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்ததும் மக்தபில் படித்த எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு? அங்கே நம் நினைவு அறுந்துபோகிறது. அடுத்து ஆப்பிரிக்கா நம் கண்ணில் படுவது பஞ்சச் செய்தியாகவோ, சண்டைச் செய்தியாகவோ, பள்ளிப் புத்தகத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட அடிமைகளின் படமாகவோதான். நடுவில் ஆயிரம் ஆண்டுகள் வெறும் தாளாகக் கிடக்கின்றன. அந்தத் தாளில் உண்மையில் எழுதப்பட்டிருந்தது என்ன, அதில் நம் ஊர்ப்பக்கமும் தக்காணமும் எங்கே வருகின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹபஷா என்பது என்ன நாடு?

நஜ்ஜாஷி மன்னர் ஆண்டது அக்சூம் அரசு. இன்றைய எத்தியோப்பியாவின் வடபகுதியும் எரித்திரியாவும் சேர்ந்த நிலம். நான்காம் நூற்றாண்டில் ஏசானா என்ற மன்னர் காலத்தில் கிறிஸ்தவ அரசானது. சொந்தமாகத் தங்கக் காசு அச்சடித்த அரசுகள் அந்தக் காலத்து உலகில் சிலவே. அவற்றில் அக்சூமும் ஒன்று. செங்கடல் கரையில் அதூலிஸ் என்ற துறைமுகம் அதற்கு இருந்தது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு நூல், அங்கிருந்து யானைத் தந்தம் ஏற்றுமதியானதையும், மேற்கு இந்தியாவிலிருந்து இரும்பு, எஃகு, பருத்தித் துணி ஆகியவை அங்கே இறக்குமதியானதையும் சரக்குப் பட்டியலாகவே தருகிறது.

தமிழரும் அந்தக் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். எகிப்தின் செங்கடல் கரையில் குஸைர் அல்கதீம் என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று எழுதப்பட்ட பானை ஓடு கிடைத்தது. ஒறி என்பது உறி. அதே கரையில் பெரெனிகே துறைமுகத்தில், இந்தியப் பானை ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு அப்படியே கிடைத்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆட்கள் ஆப்பிரிக்கக் கரையில் பானையில் பெயர் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

காற்று நடத்திய வியாபாரம்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை இந்தியாவோடும் அரபு நாட்டோடும் இணைத்தது பருவக்காற்று. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்கா போகும். தென்மேற்குக் காற்று திரும்பியதும் அதே கப்பல்கள் திரும்பும். நடுவில் பல மாதங்கள் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கடை வந்தது, பள்ளிவாசல் வந்தது, நிக்காஹ் வந்தது, கலந்து பேசும் மொழியும் செழித்தது. ஆப்பிரிக்க மொழியொன்றில் அரபுச் சொற்கள் நிறையக் கலந்த சுவாஹிலி அப்படி வளர்ந்த மொழிதான். மொகதிஷு, மலிந்தி, மொம்பாசா, கில்வா என்று அந்தக் கரை முழுவதும் பல நகரங்கள் எழுந்தன.

இவற்றில் கில்வா இன்றைய தான்சானியாவின் தெற்கே உள்ள ஒரு தீவு. 1331இல் அங்கே போன பயணி இப்னு பதூதா, தாம் கண்டவற்றில் மிக அழகாக அமைந்த நகரங்களில் ஒன்று என்று அதை எழுதினார். பவளப்பாறைக் கற்களால் கட்டிய பெரிய பள்ளிவாசலும், நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட அரண்மனையும் இன்றும் அங்கே இடிபாடுகளாக நிற்கின்றன. கில்வா சுல்தான்கள் தங்கள் பெயரில் செப்புக்காசு அடித்தார்கள்.

கில்வாவின் செல்வம் தங்கத்திலிருந்து வந்தது. அந்தத் தங்கம் உள்நாட்டில், ஜிம்பாப்வே பீடபூமியில் கிடைத்தது. அங்கே ஷோனா மொழி பேசும் மக்களின் முன்னோர், சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கி, சில இடங்களில் 11 மீட்டர் உயரச் சுவர்கள் எழுப்பிய ஒரு தலைநகரம் கட்டினார்கள். அதன் மண்ணில் கில்வா காசும் சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. உள்நாட்டில் தங்கம், கரையில் வியாபாரி, கடலுக்கு அப்பால் குஜராத் துணி. நம் லீ பஜாரில் ஒரு மூட்டை வெல்லம் எத்தனை கை மாறிப் போகிறதோ, அதுபோன்ற ஒரு சங்கிலிதான்.

கில்வா சுல்தான் ஹசன் இப்னு சுலைமானைப் பற்றி இப்னு பதூதா ஒரு சம்பவம் சொல்கிறார். ஜும்ஆ முடிந்து சுல்தான் வரும்போது யமன் நாட்டு ஏழை ஒருவர், “நீங்கள் உடுத்தியிருக்கும் ஆடையை எனக்குத் தாருங்கள்” என்று கேட்டாராம். சுல்தான் அப்போதே உள்ளே போய் வேறு உடை மாற்றிக்கொண்டு அதைக் கொடுத்துவிட்டார். மகன் அந்த ஆடையைத் திரும்பப் பெற்று, அதற்கு ஈடாகப் பத்து அடிமைகளைக் கொடுத்தார். மக்கள் சுல்தானைப் புகழ்ந்ததைக் கேட்டு அவர் இன்னும் பத்து அடிமைகளையும் இரண்டு சுமை யானைத் தந்தத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தை முழுவதுமாகத்தான் சொல்ல வேண்டும். ஆடையைக் கழற்றிக் கொடுத்த தர்மமும், இருபது மனிதர்களைப் பொருள்போல எடுத்துக் கொடுத்ததும் ஒரே கதையில் இருக்கின்றன. இதற்குப் பின்னால் வருவோம்.

மதுரைக்கு வந்தவரே மாலிக்கும் போனார்

இப்னு பதூதா கில்வாவோடு நிற்கவில்லை. டில்லியில் காஜியாக இருந்தார். பிறகு மாலத்தீவில் காஜியாக இருந்தார். 1344இல் இலங்கை வழியாக வரும்போது கப்பல் உடைந்து தமிழ்க் கரையில் ஏறினார். அப்போது மதுரையில் சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. இருவரும் அக்கா தங்கையரை மணந்தவர்கள். ஆனாலும், அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொல்ல வைத்ததைக் கண்டு, இது அருவருப்பான செயல், வேறு எந்த அரசனும் செய்து நான் கேள்விப்படாதது என்ற பொருளில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். உறவும் மார்க்கமும் ஒன்றாக இருந்தும் அவர் பேனா மறைக்கவில்லை.

அதே மனிதர் 1352இல் சஹாரா பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி பேரரசுக்குப் போனார். அங்கே அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சந்தையில் மக்கள் காசாகப் பயன்படுத்தியது சோழி! நம் வீட்டில் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் எடுத்துவைத்திருப்போமே, அதே சோழிதான். மாலத்தீவுக் கடலில் அள்ளியது. மாலத்தீவில் ஒரு தங்க தீனாருக்கு 4 லட்சம் சோழி கிடைக்கும், மலிந்த காலத்தில் 12 லட்சம்கூடக் கிடைக்கும் என்று அவரே எழுதியிருந்தார். மாலியிலும் காவோ நகரத்திலும் அதே தீனாருக்கு 1,150 சோழிதான். ஏறக்குறைய 350 மடங்கு விலை. இந்தியப் பெருங்கடலிலிருந்து செங்கடல், எகிப்து, பாலைவனம் என்று அத்தனை தூரம் கப்பலும் ஒட்டகமும் சுமந்த கூலி அந்த விலையில் இருந்தது.

இவ்வளவு தொலைவுக்கு ஒரு பண்டம் தடையில்லாமல் போகிறது என்றால் வழியெல்லாம் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அதைத்தான் இப்னு பதூதா மாலியில் பார்த்தார். அந்நாட்டு மக்கள் அநீதியை வெறுப்பவர்கள், ஊர்க்காரருக்கும் வழிப்போக்கருக்கும் திருடர் பயம் கிடையாது என்று எழுதினார். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் அங்கே மவுத்தாகிவிட்டால், அவர் சொத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அரசு தொடாது. உரிய வாரிசு வரும்வரை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்த ஒரு சட்டத்தின் அருமை புரியும்.

அவர் எல்லாவற்றையும் புகழ்ந்தார் என்று நினைக்க வேண்டாம். மன்னர் சுலைமான் அனுப்பிய வரவேற்பு அன்பளிப்பு மூன்று ரொட்டியும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் ஒரு குடுவைத் தயிரும்தான் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சில பழக்கவழக்கங்களைக் குறை சொன்னார். குறை சொல்லத் தயங்காத ஒருவர் நீதியைப் புகழும்போது அந்தச் சாட்சிக்குக் கனம் அதிகம்.

உப்பும் தங்கமும் புத்தகமும்

மாலியின் வியாபாரம் உப்பும் தங்கமும். பாலைவன நடுவில் தகாஸா என்ற ஊரில் உப்பைக் கல் பாளமாக வெட்டி எடுப்பார்கள். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புக் கல்லால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல். ஒரு சுமை உப்பு வலாத்தா ஊரில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்கு விற்கும். தெற்கே தலைநகருக்குப் போனால் 20, 30, சில சமயம் 40 மித்கால். தெற்கில் தங்கம் கிடைத்தது, உப்பு கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் வழியைப் பாதுகாத்து வரி வாங்கிய அரசுதான் மாலி.

அந்த அரசின் புகழ்பெற்ற மன்னர் மன்சா மூசா 1324இல் ஹஜ்ஜுக்குப் போனார். வழியில் கெய்ரோவில் அவரும் கூட வந்தவர்களும் செலவழித்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கிவிட்டது. அதற்கு முன் ஒரு மித்கால் தங்கம் 25 திர்ஹத்துக்குக் குறையாது. அவர் வந்துபோன பிறகு 22க்கு மேல் ஏறவில்லை, சுமார் 12 ஆண்டுகளாக இந்த நிலைதான் என்று அல் உமரி என்ற அறிஞர் பதிவு செய்திருக்கிறார். சரக்கு குவிந்தால் விலை விழும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அள்ளிக் கொடுத்த அந்த மன்னர், திரும்பும் வழியில் கையில் காசில்லாமல் கெய்ரோ வியாபாரிகளிடமே கடன் வாங்க வேண்டி வந்தது என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது.

ஹஜ்ஜிலிருந்து அவர் அறிஞர்களையும் ஸ்பெயின் நாட்டுக் கவிஞரும் கட்டடம் தெரிந்தவருமான அஸ்ஸாஹிலியையும் அழைத்து வந்தார். திம்பக்து நகரில் ஜிங்கரேபர் பள்ளிவாசல் எழுந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் திம்பக்து ஒரு கல்வி நகரமாயிற்று. ஃபிக்ஹ், இலக்கணம், வானியல், மருத்துவம் என்று நூல்கள் எழுதப்பட்டன, பிரதி எடுக்கப்பட்டன, விற்கப்பட்டன.

அந்த நகரத்தின் பெரிய ஆலிம் அஹ்மது பாபா. 1556இல் பிறந்தவர். அவருடைய சொந்தப் புத்தகங்கள் மட்டும் 1,600. தம் உறவினர்களிடம் இருந்த நூலகங்களில் தம்முடையதே சிறியது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரைச் சங்கிலியில் கட்டி இழுத்துச் சென்றார்கள். செய்தது ஐரோப்பியர் அல்லர். 1591இல் மொரோக்கோ சுல்தானின் துப்பாக்கிப் படை, மாலிக்குப் பின் அப்பகுதியை ஆண்ட சோங்காய் பேரரசைத் தோற்கடித்தது. திம்பக்துவின் ஆலிம்கள் கைதாகி மராகேஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அஹ்மது பாபா ஊர் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின.

திரும்பிய பிறகு, 1615இல், பாலைவனத்துச் சோலை ஊர் ஒன்றிலிருந்து அவருக்குக் கேள்வி வந்தது: தெற்கிலிருந்து விற்பனைக்கு வரும் கறுப்பு மக்களை அடிமைகளாக வாங்கலாமா? அவர் எழுதிய பதில் ஒரு சிறு நூலாயிற்று. நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணம் ஆகாது. கறுப்பு மக்கள் சாபம் பெற்ற வம்சம் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. முஸ்லிமான எவரையும், எந்த நிறமாக இருந்தாலும், அடிமையாக்க முடியாது என்றார். போரில் பிடிபட்ட முஸ்லிம் அல்லாதவரை அடிமையாக்குவதை அவரும் அந்தக் கால வழக்கப்படி ஏற்றுக்கொண்டார். அது அவர் காலத்தின் எல்லை. ஆனாலும் நிறத்தை வைத்து மனிதனுக்கு விலை போடுவதை ஆதாரத்தோடு மறுத்த குரல் ஆப்பிரிக்காவிலிருந்தே எழுந்தது என்பதை மறக்கக் கூடாது.

எப்படி உடைந்தது?

1498இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தபோது, மலிந்தியில் கிடைத்த வழிகாட்டியின் உதவியோடுதான் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். புதிய கடல் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. பலரும் போய்வந்து கொண்டிருந்த கடலில் பீரங்கியோடு நுழைந்தார். 1502இல் கில்வாவை மிரட்டிக் கப்பம் வாங்கினார். அதே பயணத்தில், மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பல் ஒன்றைக் கேரளக் கடலில் ஆட்களோடு எரித்தார். 1505இல் அல்மேதாவின் படை கில்வாவைச் சூறையாடியது.

பிறகு அட்லாண்டிக் அடிமை வியாபாரம் வந்தது. சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அவர்களை வாங்க ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டு போன பண்டங்களில் மாலத்தீவுச் சோழியும் இந்தியப் பருத்தித் துணியும் முக்கியமானவை. நம் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய துணிக்குக் ‘கினி’ என்றே பெயர். அது மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயர். நெய்தவருக்கு அது எதற்காக வாங்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் நேர்மையான வியாபாரத்தில் நானூறு ஆண்டுகள் புழங்கிய அதே சோழி, மனிதரை விலைபேசும் காசாக மாறியது.

குற்றம் முழுவதையும் ஐரோப்பியர் தலையில் கட்டிவிட்டு நாம் நகர முடியாது. அவர்களுக்கு முன்னும் பின்னும், செங்கடல் வழியாகவும் பாலைவனம் வழியாகவும் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்றவர்களில் முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். அடிமையை விடுதலை செய்வதை மார்க்கம் பெரும் நன்மையாக்கி, ஜகாத்திலேயே அதற்கு ஒரு பங்கு வைத்தது. இருந்தும் அந்த வியாபாரம் நூற்றாண்டுகளாக நடந்தது. அதில் சிக்கியவர்களில் ஒருவர்தான் தக்காணத்தின் சரித்திரத்தையே மாற்றினார்.

தக்காணத்தை ஆண்ட ஹபஷி

சேலத்தில் வீட்டில் தக்கனி உருது பேசும் குடும்பங்கள் பல உண்டு. அந்த மொழிக்குப் பெயர் தந்த தக்காணத்தில்தான் மாலிக் அம்பர் வாழ்ந்தார். 1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்தார். சாப்பு என்பது அவருடைய இயற்பெயர். சிறு வயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, பல கை மாறி பாக்தாத் வியாபாரி ஒருவரிடம் வந்தார். அவர் இந்தப் பையனுக்குக் கல்வி கொடுத்து, அம்பர் என்று பெயரிட்டார். பிறகு தக்காணத்தில் அகமதுநகர் அரசின் அமைச்சர் செங்கிஸ் கான் அவரை வாங்கினார். அந்த அமைச்சரும் ஒரு காலத்தில் அடிமையாக வந்த ஹபஷிதான். அவர் இறந்ததும் அவர் மனைவி அம்பரை விடுதலை செய்தார்.

விடுதலையான அம்பர் சிறு குதிரைப்படை ஒன்றுக்குத் தலைவரானார். 1600இல் முகலாயப் படை அகமதுநகர் கோட்டையைப் பிடித்தபோது, அரச குலத்து இளைஞர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சுல்தானாக்கி, தன் மகளையும் அவருக்கே மணமுடித்துக் கொடுத்து, அவர் பெயரில் தாமே ஆட்சியை நடத்தினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு முகலாயரைத் தக்காணத்துக்குள் முழுமையாக நுழைய விடவில்லை. மலையிடுக்கில் மறைந்திருந்து தாக்கும் போர்முறையில் மராட்டிய வீரர்களை அதிகம் சேர்த்துக்கொண்டார். சிவாஜியின் தந்தை ஷாஹாஜி 1624இல் பாத்வடிப் போரில் அவரோடு நின்று போரிட்டவர்.

போர் மட்டும் அல்ல. 1610இல் அவர் அமைத்த கட்கி நகரம்தான் பின்னாளில் ஔரங்காபாத் ஆனது. மழை குறைந்த அந்த ஊருக்கு, நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய்களிலும் குழாய்களிலும் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த நீர்வழிக்கு இன்றும் ‘நஹ்ரே அம்பரி’ என்றே பெயர். நிலத்தை மதிப்பிட்டு விளைச்சலுக்கு ஏற்ப வரி போடும் முறையையும் ஒழுங்குபடுத்தினார்.

பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் அம்பரை நிறத்தைச் சொல்லியே ஏசினார். அம்பரின் வெட்டுண்ட தலைமேல் தாம் அம்பு எய்வதுபோல ஓவியமும் வரையவைத்தார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. படையால் முடியாததைத் தூரிகையால் முடித்துக்கொண்டார். 1626இல் ஏறத்தாழ 78 வயதில் அம்பர் இயற்கையாகவே மவுத்தானார். குல்தாபாதில் அவர் கப்ரு இருக்கிறது. அவர் இறந்தபின் முகலாய அரசவை வரலாற்றாசிரியர் ஒருவரே அவருடைய போர்த்திறனையும் நிர்வாகத்தையும் மனம்விட்டுப் புகழ்ந்து எழுதினார். அஹ்மது பாபா மறைந்தது அடுத்த ஆண்டு, 1627இல்.

இன்னொரு செய்தியும் உண்டு. அக்காலத்தில் தக்காணத்துக்கு வந்த டச்சு வணிகர் ஒருவர் எழுதிவைத்தது. சுல்தானின் மூத்த மனைவி பாரசீகப் பெண், வெள்ளை நிறத்தவர். அவர் ஒருநாள் அம்பரின் மகளை அடிமைப் பெண் என்று இழிவாகப் பேசினாராம். அந்தச் சொல் தந்தையின் காதுக்குப் போய், முடிவில் சுல்தானும் மூத்த ராணியும் விஷத்தால் மாண்டார்கள் என்கிறார் அவர். அம்பர் செய்ததாகச் சொல்லப்படுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒரு நாட்டைக் காத்தவரின் மகளானாலும் புகுந்த வீட்டில் நிறத்தையும் பிறப்பையும் சொல்லிக் குத்த முடிந்தது என்பதைத்தான் கவனிக்கிறோம்.

அம்பர் தனி ஆள் அல்லர். அகமதாபாதில் கல்லில் மரம்போலச் செதுக்கிய சன்னலுக்குப் பெயர்பெற்ற சீதி சையத் பள்ளிவாசல், 1573 வாக்கில் ஒரு ஹபஷி கட்டியது. கொங்கண் கரையில் மராட்டியர் பலமுறை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத ஜஞ்சிரா தீவுக் கோட்டையைச் சித்தி நவாபுகள் 1948 வரை ஆண்டார்கள். அந்த வம்சாவளியினர் இன்றும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் ஹைதராபாதிலும் இருக்கிறார்கள்.

நமக்கு ஏன் தெரியாமல் போனது?

தற்செயலாக அல்ல. ஜிம்பாப்வேயின் கற்சுவர்களை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது, வெளியிலிருந்து வந்த யாரோதான் கட்டினார்கள் என்று வெள்ளையர் ஆட்சி நெடுங்காலம் சொல்லிவந்தது. 1905இலும் 1929இலும் ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டி, இது ஆப்பிரிக்கர்களின் வேலைதான் என்று நிறுவிய பிறகும் அந்தக் கதையை விடவில்லை. வரலாறே இல்லாதவர்கள் என்று சொன்னால்தான் அவர்கள் நிலத்தை எடுத்துக்கொள்வது எளிது. அந்த நாடு 1980இல் விடுதலையானபோது, அந்தக் கற்கோட்டையின் பெயரையே நாட்டின் பெயராக வைத்துக்கொண்டது.

திம்பக்து மக்கள் வேறு வழியில் பதில் சொன்னார்கள். 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, நூலகர்களும் குடும்பத்தினரும் லட்சக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளை டிரங்குப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் ரகசியமாகத் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். வீட்டுப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த தாள்கள்தான் இன்று அவர்கள் வரலாற்றுக்குச் சாட்சி.

இது நம் வீட்டு விஷயம்

இவ்வளவையும் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில், படிப்பையும் குணத்தையும் கேட்பதற்கு முன் “பொண்ணு கலரா?” என்று கேட்கும் பழக்கம் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. நிறம் குறைவு என்று சொல்லி நகை கூடுதலாகப் பேசுவதும் கேட்காத செய்தி அல்ல. அந்தப் பேச்சை அடுத்த அறையில் இருந்து கேட்கும் பெண்ணுக்கு என்ன வலிக்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிலால் (ரலி) அவர்களின் சரித்திரத்தைக் கண்ணீரோடு கேட்கும் அதே வீட்டில் இது நடக்கிறது. அரபிக்கு மற்றவரைவிடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ இறையச்சத்தால் அன்றி மேன்மை இல்லை என்று இறுதிப் பேருரையில் சொல்லப்பட்டதை அறியாதவர் நம்மில் இல்லை.

ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது முகத்தைப் பார்த்தே ‘காலி இல்லை’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஹபஷா மண்ணுக்கு நாட்டைவிட்டுப் போனவர்களை நஜ்ஜாஷி மன்னர் விசாரித்தார், சொல்வதைக் கேட்டார், தங்க இடம் கொடுத்தார். அதில் பாதியாவது நம்மால் செய்ய முடியும். வாடகை ஒப்பந்தத்தையும் ஆவணங்களையும் எல்லாரிடமும் கேட்பதுபோல் கேளுங்கள். நிறத்தைக் காரணமாக்காதீர்கள். ஜும்ஆவில் பக்கத்து சஃப்பில் நிற்கும் புதுமுகத்திடம் ஊரையும் பெயரையும் விசாரியுங்கள். அவர் சொல்லும் ஊர் கில்வாவின் கரையாகவோ மாலியாகவோ இருக்கலாம்.

மக்தப் ஆசிரியர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நஜ்ஜாஷி மன்னரின் பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த நாள் ஆடையைக் கழற்றிக் கொடுத்த கில்வா சுல்தானையும், அவர் கொடுத்த அடிமைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். அதற்கடுத்த நாள் சோழியைக் கையில் கொடுத்து மாலிக்குப் போன வழியைச் சொல்லுங்கள். அஹ்மது பாபாவையும் மாலிக் அம்பரையும் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை நமது அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், தெரிந்தவரை விசாரித்து அடுத்த இதழ்களில் பதில் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.